பச்சை நோட்டில் இருபத்தாறு நாள்

சனிக்கிழமை. காலை 8.40.

கோட்டாறு கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில், ஸ்மைலின் டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கைப்பையில் சாவியைத் துழாவினார். கிடைத்தது. இரும்பு பீரோவைத் திறந்தார். மூன்று நோட்டுகள் இருக்க வேண்டிய தட்டில் இரண்டுதான் இருந்தன.

நீலம் இருந்தது. சிவப்பு இருந்தது. பச்சையைக் காணோம்.

மேல்தட்டு, கீழ்த்தட்டு, பீரோவுக்கு அடி, பின்பக்கம் என்று டீச்சர் தேடாத இடமில்லை. ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் தாணுவும் முட்டி போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். தூசிதான் கிடைத்தது. பூட்டு உடையவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மோ!" என்று நாற்காலியில் உட்கார்ந்தார் டீச்சர்.

ஒரு நோட்டுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த வெளிநாட்டு மாணவர்கள், விமானம் ஏறும் முன் எட்டு வாரம் ஆராய்ச்சி ஆங்கிலம் படித்துத் தேற வேண்டும். இந்த வருஷம் நம் ஜில்லாவில் மூன்று பேர். மூவருக்கும் ஸ்மைலின் டீச்சர்தான். கடைசித் தேர்வு ஒரு கட்டுரை. தானே திரட்டிய தரவை அட்டவணையாகப் போட்டு, அதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். கையால் எழுதிய வரைவு நோட்டையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. கெடு சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நோட்டு இல்லையென்றால் கட்டுரையை ஏற்க மாட்டார்கள். கட்டுரை இல்லையென்றால் கிடைத்த இடமும் போய்விடும்.

பச்சை நோட்டு சகாயசெல்வியுடையது. குளச்சலில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகும் ததேயுஸின் மகள். சாளை மீன் வரத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறவள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நோட்டைப் பார்த்து இன்று இங்கேயே தட்டச்சு செய்யலாம் என்று இருந்தாள். ஆக, நோட்டோடு எல்லாமே போயிற்று.

புதன்கிழமை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் செல்வி ஆங்கிலம் பேசினால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று இடத்தில் நிற்கும். அப்படிப்பட்டவளின் நோட்டில் ஒரு பத்தி, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. டீச்சர் அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'யார் எழுதித் தந்தது?' என்று எழுதினார். எழுதியதோடு விடவில்லை. எல்லோர் முன்னாலும் அதையே வாய்விட்டும் கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் டீச்சர்," என்றாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார் டீச்சர், உதட்டைச் சுழித்து. அடுத்த நிமிஷம் எட்சனின் கட்டுரையை எடுத்து, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். முத்து முத்தான வாக்கியங்கள். அட்டவணை வந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட்டார். எண்களைப் பார்ப்பது தன் வேலையில்லை என்பது அவர் கட்சி.

எட்சன் டீச்சரின் தங்கை மகன். பெங்களூரில் படித்தவன். அவன் தலைப்பும் மீன் வரத்துதான். இந்த எட்டு வாரமும் டீச்சர் வீட்டு மாடியில்தான் தங்கல். பெரியம்மாவுக்கு அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம்.

8.55. தாணு.

"இந்த பீரோவுக்கு வேற சாவி உண்டா?"

"இல்ல டீச்சர். ஒண்ணு போன வருசமே தொலைஞ்சு போச்சில்லா. மிச்சம் உள்ளது ஒங்க கைலதான்."

"காலைல எப்ப வந்திய?"

"ஏழரைக்கு. பெருக்கினேன், தண்ணி பிடிச்சு வச்சேன். பீரோ பக்கம் போவல்ல."

"நேத்து சாயங்காலம்?"

"நீங்க அஞ்சரைக்குப் பூட்டிட்டுப் போனிய. நான் ஆறுக்கு டீ குடிக்கப் போனேன். ஆறரைக்கு வந்து மாடிக்கதவ அடச்சேன்." தாணு கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தார். "டீச்சர், எனக்கு அந்த நோட்டு என்னத்துக்கு? பதினோரு வருசமா இங்க கெடக்கேன்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டாயிற்றே.

9.05. ஜினிஷா.

கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் இருந்து பஸ் பிடித்து வருகிற பெண். சிவப்பு நோட்டு அவளுடையது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற சுபாவம்.

"பச்ச நோட்டு பீரோவுக்க உள்ள போனத நீ கண்டியா?"

"கண்டேன் டீச்சர். அடில நீலம், நடுவுல எனக்க செவப்பு, மேல பச்ச. நீங்க கண்ணாடியக் கழத்தி பச்ச நோட்டு மேல வச்சிய, முகத்தத் தொடச்சிய, டப்புன்னு பூட்டினிய. எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு, ஓடிட்டேன்."

"பச்சதான மேல இருந்திச்சு? உறுதியா?"

"உறுதி டீச்சர். எனக்க கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

ஆக, நோட்டு உள்ளே போனது நிஜம். பூட்டியது நிஜம். ஒரே சாவி டீச்சரின் கைப்பையில். அது தன் கையை விட்டு எங்கும் போகவில்லை என்று டீச்சர் மனதார நம்பினார். அப்புறம் நோட்டு எப்படிப் போகும்?

9.20. சகாயசெல்வி.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிதானமே டீச்சருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒருவேளை தான் முகம் துடைத்த நேரத்தில், ஜினிஷாவின் கண்ணுக்கும் தப்பி, இவளே உருவியிருந்தால்? எழுதாத வரைவைக் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் நோட்டைத் தொலைக்கத் தோன்றாது?

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. அந்த நோட்டுல வரைவுன்னு எதாவது இருந்திச்சா?"

"இருந்திச்சு டீச்சர். அந்தப் பத்திய ஒம்பது தடவ எழுதினேன்."

"நான் ஒண்ணுதான கண்டேன்?"

"ரஃப் எல்லாம் பொறத்த இருக்கும் டீச்சர். கடைசிப் பக்கத்துல இருந்து எழுதிட்டு வருவேன். சரியானது மட்டும் முன்னால. பள்ளிக்கூடத்துல இருந்தே அப்பிடித்தான் பழக்கம்."

"இப்ப அதக் காட்ட நோட்டு இல்ல. நல்ல சௌகரியமாப் போச்சு, இல்லியா?"

சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்கே அந்த வார்த்தையின் சூடு தெரிந்தது. செல்வி கழுத்தில் கிடந்த ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் குரலைத் தணித்தார். "தரவ வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"துண்டுத் தாள்ல எழுதினது எல்லாம் மழைல நனஞ்சு போச்சு. நோட்டுல மட்டுந்தான். ரெண்டாயிரத்தி இருவத்திமூணு அக்டோபர் மாசம் முழுக்க, வெளுப்பான்காலம், விடியதுக்கு முன்னாலயே அப்பாகூட மீன் ஏலத்துக்குப் போயி, நின்னு எழுதினது. இருவத்தாறு நாள்."

"மாசத்துக்கு முப்பத்தொண்ணு இல்லா?"

"அஞ்சு ஞாயிறு வந்தது டீச்சர். ஞாயித்துக்கெழம எங்க கடப்புறத்துல ஒரு வள்ளமும் எறங்காது. எல்லாரும் பூசைக்குப் போவாவ."

"செரி, போயி இரு," என்றார் டீச்சர்.

9.50. எட்சன்.

பைக்கைக் கீழே நிறுத்திவிட்டு, தலையைக் கோதியபடி வந்தான். வகுப்பில் அவனுக்குப் பெரியம்மா கிடையாது, மேடம்தான்.

"பச்ச நோட்டப் பத்தி எதாவது தெரியுமா?"

"இல்ல மேடம். அவங்களே எடுத்திருக்கலாம்னு தோணுது."

'எடுத்திருக்கலாம்', 'தோணுது'. டீச்சருக்கு அந்தச் சங்கடத்திலும் ஒரு பெருமை வந்தது. ஆராய்ச்சி ஆங்கிலத்தின் முதல் பாடமே அதுதான். ஆய்வாளன் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' என்று ஓரடி பின்வாங்கிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதற்கு 'லாம் போடுவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்சனைப் போல லாம் போட ஆள் கிடையாது.

"என் கட்டுரை ரெடி மேடம். முட்டம் துறையில எடுத்த இருபத்தாறு நாள் தரவு, எல்லாம் சரியா இருக்கு. இப்பவே அனுப்பிடலாமா? எதுக்கு அஞ்சு மணி வரைக்கும் இழுக்கணும்?"

"அனுப்பலாம் மக்கா," என்றார் டீச்சர்.

10.15.

டீச்சர் தனியாக ஸ்கேன் மெஷின் முன் உட்கார்ந்தார். முதலில் எட்சனின் நீல நோட்டு. அழகான கையெழுத்து. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. என்ன நினைத்தாரோ, நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் தாள். மறுபடி முன்பக்கம் வந்தார். அட்டவணைக்குக் கீழே அவர் கையாலேயே 'அருமை' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்த வாக்கியம் கண்ணில் பட்டது. அதன் பொருள் இது: '2024 அக்டோபர் 1, 8, 15, 22, 29 ஆகிய தேதிகளில் மீன் வரத்து பதிவாகவில்லை, மோசமான வானிலை இதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.'

லாம் எவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதிய 'அருமை' அது. இப்போது டீச்சர், தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒரு மாணவனின் அட்டவணையை வரி வரியாக எண்ணினார். இருபத்தாறு. போனை எடுத்து நாள்காட்டியைத் திறந்தார். ஒரு வருஷத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தார். சே, இருக்காது என்று சொல்லிக்கொண்டார். சாவி என்கிட்டதானே இருந்தது? பூட்டினது நான், திறந்தது நான். அப்படியானால் எடுத்ததும் நானா? கண் கலங்கிற்று. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்.

கழற்றின கண்ணாடி கையிலேயே இருந்தது. ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது மடல் வரை சுட்டது. அட்டவணையைத் தாளோடு கிழித்துவிட்டு, நோட்டு காணாமல் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பும் வந்தது, மறைப்பானேன்? தங்கையின் முகமும் வந்தது. கூடவே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வியும் வந்தாள். டீச்சர் எழுந்தார்.

11.00.

நான்கு பேரும் வகுப்பில் இருந்தார்கள். தாணு மட்டும் நின்றார்.

"ஜினிஷா, நேத்து நான் பீரோவப் பூட்டும்போ எனக்க கண்ணாடி எங்க இருந்திச்சு?"

"உள்ளதான் டீச்சர். பச்ச நோட்டு மேல."

"நான் எடுத்தனா?"

ஜினிஷா யோசித்தாள். "இல்ல டீச்சர். அப்பிடியே வச்சுப் பூட்டிட்டிய."

"தாணு, காலைல நான் பீரோவத் திறக்கதுக்கு முன்னால இந்தக் கண்ணாடி எங்க இருந்திச்சு?"

தாணு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். "ஒங்க மூக்குல டீச்சர். அதப் போட்டுட்டுத்தான சாவியத் தேடினிய." சொன்ன பிறகு அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"பூட்டின பீரோவுக்க உள்ள இருந்த கண்ணாடி, நான் திறக்கதுக்கு முன்னாலயே எனக்க மூக்குக்கு எப்பிடி வந்திச்சு? நேத்து வீட்டுக்குப் போயி பேப்பர விரிச்சப்பதான் கண்ணாடி இல்லன்னு தெரிஞ்சுது. சாவியக் குடுத்து ஒருத்தன அனுப்பினேன். மணி ஆறு. தாணு டீ குடிக்கப் போயிருந்த நேரம். அவன் கண்ணாடியக் கொண்டு வந்தான், சாவிய என் பைல போட்டான். காலைல இருந்து சாவி எங்கிட்டதான் இருந்திச்சுன்னு சாதிச்சிட்டிருக்கேன். பொய் சொல்லல்ல. அவங்கிட்ட குடுத்தத நான் குடுத்ததாவே நினைக்கல்ல. வீட்டுப் பிள்ளையில்லா! தாணுவக் கேட்டேன். இந்தப் பிள்ளைய வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவனுக்க மேல மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரல்ல."

எட்சன் எழுந்தான். "பெரியம்மா..."

"இங்க நான் மேடம். இரு."

இருந்தான்.

"கண்ணாடி எடுக்கப் போன எடத்துல எதுக்கு நோட்ட எடுக்கணும்? அதுக்குக் காரணம் இதுல இருக்கு." நீல நோட்டை விரித்தார். "செல்வி, மாசத்துல அஞ்சு நாள் ஒங்க ஊர்ல வள்ளம் எறங்கல்லன்னு சொன்னியே, என்னென்ன தேதி?"

செல்விக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணு, எட்டு, பதினஞ்சு, இருவத்திரெண்டு, இருவத்தொம்பது டீச்சர். இருவத்திமூணு அக்டோபர்ல அதுதான் ஞாயிறு."

"இவனுக்க அட்டவணைலயும் அதே அஞ்சு தேதிதான் காலி. ஊரு மாறியிருக்கு. எண்ணும் மாறியிருக்கு. வருசம் இருவத்திநாலுன்னு மாறியிருக்கு, ஏன்னா இருவத்திமூணுல இவன் பெங்களூர்ல இருந்தான். வருசத்த மாத்தினா கிழமையும் மாறும்னு இவனுக்குத் தோணல்ல. இருவத்திநாலுல அந்த அஞ்சு தேதியும் செவ்வாய்க்கெழம. முட்டத்துக்காரங்க செவ்வாய்க்கெழம தோறும் கரைல இருந்தாவளாம். ஆறு, பதிமூணு, இருவது, இருவத்தேழு, நாலு ஞாயிறும் பூசைய விட்டுட்டு சாளைய அள்ளிட்டு வந்தாவளாம். காலி நாளு எதுக்குன்னு இவனுக்குப் புரியல்ல. மோசமான வானிலையா இருக்கலாம்னு ஒரு லாம் போட்டான். ஏழு நாளைக்கு ஒரு தடவ, தவணை தப்பாம கெடுற வானிலை! அதுக்கு நான் அருமைன்னு எழுதியிருக்கேன்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம் முன்ன திருத்ததுக்காக நோட்டெல்லாம் எனக்க வீட்டுச் சாப்பாட்டு மேசைல கெடந்திச்சு. அங்க வச்சுத்தான் பாத்து எழுதியிருக்கணும். நேத்து நோட்டையும் அனுப்பணும்னு மெயில் வந்ததும் பயந்துட்டான். கட்டுரை மட்டும்னா மேலோட்டமா வாசிச்சிட்டு விட்டுருவாவ, நோட்டும் போனா ரெண்டு அட்டவணையையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாப்பாவல்லா." டீச்சர் நீல நோட்டை மூடினார். "எடுத்தது எட்சன். எனக்க தங்கச்சி மகன்."

எட்சன் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு எழுதத் தெரியும் பெரியம்மா. எழுதத்தான் என்கிட்ட ஒண்ணும் இல்ல. துறைக்கு நாலு நாள் போனேன். அந்த வாடை ஒத்துக்கல்ல, வந்துட்டேன். அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, நான் போறேன்னு..."

"நோட்டு எங்கல?"

"பைக் சீட்டுக்கு அடில இருக்கு. கிழிச்சுப் போட மனசு வரல்ல."

பைக் சாவியை வாங்கிக்கொண்டு தாணு படியிறங்கினார். திரும்பி வரும்போது நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பின்பக்கத்தைத் திருப்பினார் டீச்சர். அதே பத்தி, ஒன்பது தடவை. முதல் தடவை வாக்கியம் வாக்கியமாக நொண்டியது. நான்காவதில் பாதி நிமிர்ந்திருந்தது. ஏழாவதில் ஒரு சொல்லை ஆறு முறை மாற்றி, பழைய சொல்லுக்கே திரும்பியிருந்தாள். ஒன்பதாவதுதான் முன்பக்கத்தில் இருந்த பத்தி. அவர் யார் எழுதித் தந்தது என்று கேட்ட பத்தி.

"ஒனக்க கட்டுரை போவாது," என்றார் எட்சனிடம். "ஏன் போவல்லன்னு நானே அவங்களுக்கு எழுதுவேன். ஒங்க அம்மைட்டயும் நானே சொல்லுவேன். நீ வீட்டுக்குப் போ."

அவன் போனான். தாணுவிடம் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், பிள்ளைக்கு டைப் அடிக்க நேரமாச்சு," என்று தாணு கம்ப்யூட்டரைப் போடப் போய்விட்டார்.

மாலை 3.50.

செல்வி கடைசி வரியை அடித்து முடித்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிரு மக்கா. அன்னைக்கு அப்பிடிக் கேட்டிருக்கப்பிடாது. இன்னைக்குக் கேட்டது அத விட மோசம்."

செல்வி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கெழம வீட்ல போயி அழுதேன் டீச்சர். அம்மை என்னன்னு கேட்டா, சொன்னேன். 'யாருட்டி எழுதித் தந்தது? டீச்சரு சும்மா கேப்பாவளா?'ன்னு அம்மையும் கேட்டா."

டீச்சர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார். சிவப்பு மை உள்ள பக்கம் வந்தது.

"அத விட்டுருவமா டீச்சர்?" என்று கேட்டாள் செல்வி. "ஒங்களுக்குக் குறைச்சலா இருக்கும்."

"இருக்கட்டும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். தன் கேள்விக்கு நேர் கீழே, ஆங்கிலத்தில், பள்ளிப்பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி எழுதினார். இதை இவளே எழுதினாள். ஒன்பது தடவை. நான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டார். அதற்கும் அடியில் தமிழிலும் ஒரு தரம் எழுதினார்.

"தமிழ் அவங்களுக்குத் தெரியாதே டீச்சர்?"

"இது ஒங்க அம்மைக்கு. ஸ்கேன் எடுத்ததும் நோட்ட வீட்டுக்குக் கொண்டு போயி காட்டு."

செல்வி எட்டிப் பார்த்து இரண்டையும் வாசித்தாள். எட்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது.

"ஒரு எடத்துலயும் லாம் போடல்லியே டீச்சர்?"

"இதுக்கு வேண்டாம் மக்கா," என்று சொல்லிவிட்டு, டீச்சர் அந்தப் பக்கத்தை மெஷினில் கவிழ்த்து வைத்தார்.